தண்ணீர் இறங்கும் வழி: நீலகிரி மலை ரயில் மாடலுக்கு ஒரு சரிவு கட்டிய பதிவு

மாடல் ரயிலுக்கு மலை கட்ட உட்காரும் பலர் முதலில் உச்சியைக் கட்டிவிடுகிறார்கள். கூம்பாக ஒரு மலை, அதன் வயிற்றில் ஒரு ஓட்டை, அதற்குள் நுழைந்து மறுபக்கம் வரும் ரயில். மேட்டுப்பாளையத்தில் ஏறி குன்னூர் வரை போனவர்களுக்குத் தெரியும், அங்கே அப்படி ஒரு காட்சியே கிடையாது. ஒரு ஜன்னலில் கைக்கெட்டும் தூரத்தில் ஈரப்பாறை, எதிர் ஜன்னலில் மரங்களின் தலை. உச்சி எங்கே என்று பெட்டிக்குள் இருந்து சொல்லவே முடியாது. எனக்கு வேண்டியது அந்தச் சரிவுதான். வழியில் கல்லாறு, ஹில்குரோவ் என்ற இரண்டு நிலையங்களுக்கு இடையில் பார்த்த பாறை வெட்டு, ஒரு நீரோடை, அதன்மேல் ஒரு பாலம், ஒரு குகை வாய், ஒரு தடுப்புச்சுவர் ஆகியவற்றை ஒரே பலகையில் சேர்த்திருக்கிறேன். எந்த ஒரு இடத்தின் அச்சு நகலும் இல்லை.

அளவு 1:87. மலை ரயில் மீட்டர் கேஜ், அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் இடையில் ஒரு மீட்டர். 1000 மில்லிமீட்டரை 87ஆல் வகுத்தால் பதினொன்றரை வரும். சுவிட்சர்லாந்து மலை ரயில் மாடல்களுக்காக விற்கும் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் இதற்குச் சரியாகப் பொருந்துகிறது, நடுவில் பல்தண்டவாளத்தோடும் (எஞ்சினின் பல்சக்கரம் பற்றிக்கொண்டு ஏறும் பல் வெட்டிய தண்டவாளம்) கிடைக்கிறது. நீலகிரியில் இருப்பதும் ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளர் வகுத்த முறைதான். இரண்டு பல்சட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில், ஒன்றின் பல் மற்றதன் பள்ளத்துக்கு நேராக வரும்படி தள்ளி வைக்கப்பட்டிருக்கும். தண்டவாளத்தைப் பற்றி இதற்குமேல் இந்தப் பதிவில் பேசப் போவதில்லை. மலையைப் பற்றித்தான் பேச வேண்டும்.

பலகை 120 சென்டிமீட்டர் நீளம், 60 அகலம். உண்மை அளவில் இது ஏறக்குறைய 104 மீட்டர் நீளமும் 52 மீட்டர் அகலமும் உள்ள நிலம். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி பலகைக்கு மேலே ஒட்டி வைத்துவிட்டேன், ஏனென்றால் ஆசை கூடும்போது கையை அடக்குவது அதுதான். நூறு மீட்டருக்குள் ஒரு முழு மலை அடங்காது. மலையின் விலாவில் ஒரு கீற்று மட்டும்தான் அடங்கும். அப்படியானால் நிலம் பின்பக்கம் பலகையின் விளிம்பைத் தாண்டி மேலே ஏறிக்கொண்டே போவது போலவும், முன்பக்கம் விளிம்பைத் தாண்டிக் கீழே இறங்கிக்கொண்டே போவது போலவும் இருக்க வேண்டும். உச்சியும் கிடையாது, அடிவாரமும் கிடையாது.

அதனால் சட்டத்தைத் தட்டையான பலகையாகச் செய்யவில்லை. 12 மில்லிமீட்டர் ப்ளைவுட்டில் பாதைக்கு மட்டும் ஒரு பட்டை அறுத்து, அதைக் கட்டைக் கால்களில் தூக்கி நிறுத்தினேன். பல்தண்டவாளப் பகுதியில் அதிகபட்ச ஏற்றம் 12க்கு 1. பலகையின் ஒரு முனையில் இருந்து மறுமுனைக்குப் போவதற்குள் பாதை 10 சென்டிமீட்டர் ஏறிவிடுகிறது. கண்ணுக்கு இது நம்ப முடியாத ஏற்றமாகத் தெரியும். அதற்காகக் குறைக்க வேண்டாம். உண்மையான பாதையும் அப்படித்தான் ஏறுகிறது, கல்லாறில் இருந்து குன்னூருக்கு சுமார் 1,300 மீட்டர் உயரம். ஏற்றம் ஏற்றமாகத் தெரிய ஒரு வழி உண்டு: மரம், கம்பம், சுவரின் மூலை எல்லாம் செங்குத்தாக நிற்க வேண்டும். தூக்குக்குண்டு வைத்துப் பார்த்தே ஒவ்வொன்றையும் நட்டேன். இவை பாதையோடு சேர்ந்து சாய்ந்துவிட்டால் முழுப் பலகையும் சாய்ந்த மேசை போல ஆகிவிடும்.

இனி என் மொத்த வேலையையும் நடத்திய கேள்விக்கு வருகிறேன். இங்கே மழை பெய்தால் தண்ணீர் எந்த வழியாகப் போகும்?

46 கிலோமீட்டர் பாதையில் 208 வளைவு, 16 குகை, 250 பாலம். இந்த எண்களைச் சுற்றுலா வழிகாட்டிகள் பெருமையாகச் சொல்வார்கள். மாடல் கட்டுபவர் கவனிக்க வேண்டியது கடைசி எண். ஏன் இத்தனை பாலம்? மலைச்சரிவு ஒரே சீரான பலகை இல்லை. மடிப்பு மடிப்பாக இருக்கும். ஒவ்வொரு மடிப்பின் குழியிலும் தண்ணீர் இறங்கும். பாதை அந்த மடிப்புகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. ஆக ஒவ்வொரு குழியிலும் தண்ணீருக்கு வழிவிட்டே ஆக வேண்டும், பெரிய குழியென்றால் கல் தூண் வைத்து இரும்பு கர்டர் பாலம், சின்ன குழியென்றால் சிறுபாலம். வழி அடைபட்டால் என்ன ஆகும் என்பதை இந்தப் பாதை பலமுறை பார்த்திருக்கிறது. 2009 நவம்பரில் வடகிழக்குப் பருவமழையில் சரிவுகள் பெயர்ந்து விழுந்து, மேட்டுப்பாளையம் குன்னூர் இடையே மாதக்கணக்கில் ரயில் ஓடவில்லை. மழைக்காலத்துக்கு முன்னால் ஓடையைத் தூர்வாருவது மலைப்பாதையில் தண்டவாளத்தைச் சரிபார்ப்பதற்குச் சமமான வேலை.

பாலம் அழகாக இருக்கிறதே என்று நினைத்த இடத்தில் வைக்கக் கூடாது. முதலில் மடிப்பு, பிறகு குழி, அந்தக் குழி பாதையைச் சந்திக்கும் இடத்தில் பாலம். என் பலகையில் இரண்டு மடிப்பு. பெரியதில் பாலம், சின்னதில் ஒரு சிறுபாலம். இரண்டுக்கும் நடுவில் துருத்தி நிற்கும் முதுகைத்தான் பாதை வெட்டிக்கொண்டு போகிறது, பாறை வெட்டும் குகையும் அங்கே வருகின்றன. குழியில் பாலம், முதுகில் வெட்டு. இந்த ஒழுங்கு வந்துவிட்டால் பார்க்கிறவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் மனம் ஒப்புக்கொண்டுவிடும்.

மலையின் உடம்புக்குச் சாதாரண தெர்மோகோலைவிட, கட்டடங்களில் வெப்பத்தடுப்புக்குப் போடும் அடர்த்தியான ஃபோம் ஷீட் நல்லது. கத்தியில் சுத்தமாக அறுபடும், மணிமணியாக உதிர்ந்து வீடெல்லாம் பறக்காது. 50 மில்லிமீட்டர் ஷீட்டுகளை அடுக்கி ஃபெவிகாலில் ஒட்டினேன். செருப்பு ஒட்டும் பசை போன்ற கரைப்பான் கலந்த எதுவும் ஃபோமை அரித்துவிடும், ஸ்ப்ரே பெயிண்டும் அப்படியே. ஃபெவிகாலுக்கு இரண்டு ஷீட்டுக்கு நடுவில் காற்று போகாததால் காயவே நாளாகும். அதனால் மூங்கில் குச்சிகளைக் குத்தி ஆணி மாதிரி இறுக்கிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடலாம். சூட்டுக்கம்பியில் அறுப்பதானால் ஜன்னலைத் திறந்து வைத்து, முகமூடி போட்டுக்கொள்ள வேண்டும். அந்தப் புகை உடம்புக்கு ஆகாது.

பாறையும் குகைச்சுவரும் நெருங்குவதற்கு முன் இடைவெளியைச் சோதித்துவிட வேண்டும். இருப்பதிலேயே நீளமான பெட்டியின் இரண்டு மூலையிலும் நடுவிலும் பென்சிலை டேப் போட்டுக் கட்டி, வளைவு முழுக்கக் கையால் தள்ளிக்கொண்டு போனேன். வளைவில் பெட்டியின் நடுப்பகுதி உள்பக்கமும் மூலைகள் வெளிப்பக்கமும் நீட்டும். பென்சில் போட்ட கோட்டுக்கு வெளியே இன்னும் சில மில்லிமீட்டர் விட்டுத்தான் பாறை ஆரம்பிக்கிறது.

ஃபோமின் மேல் தோல் போர்த்துவதற்கு மருந்துக்கடை காஸ் துணி. சிறு துண்டுகளாக வெட்டி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கரைசலில் முக்கி, ஒன்றின் மேல் ஒன்று படியும்படி ஒட்டிக்கொண்டே போவது. தண்ணீரில்தான் பிளாஸ்டரைத் தூவ வேண்டும், பிளாஸ்டரில் தண்ணீர் ஊற்றினால் கட்டி கட்டும். கிண்ணத்தில் பழைய பிளாஸ்டரின் துணுக்கு ஒட்டியிருந்தால் புதியது சீக்கிரம் இறுகிவிடும், ஆகவே வளைத்தாலே காய்ந்த பிளாஸ்டர் உதிர்ந்துவிடும் பிளாஸ்டிக் கிண்ணம் வசதி. சில சொட்டு வினிகர் விட்டால் இறுகுவது தாமதமாகும், பாறை செதுக்கும்போது அந்தக் கூடுதல் நேரம் கை கொடுக்கும்.

தோல் காய்ந்ததும் அதன்மேல் நீர்த்த சுவர் பெயிண்டை ஒரு கோட் அடித்து மூடினேன். பிறகு கீழே ஒரு தட்டு வைத்துவிட்டு, பின்விளிம்பின் உச்சியில் இருந்து ஸ்ப்ரேயரில் தண்ணீர் அடித்தேன். இந்த வேலை எந்தச் செய்முறைப் படத்திலும் நான் பார்த்ததில்லை. ஆனால் இதைவிடப் பயனுள்ள வேறு எதையும் நான் செய்யவில்லை என்றே சொல்வேன். தண்ணீர் தானாக வழியைத் தேடிக்கொள்ளும். எங்கே சேர்கிறது, எங்கே பிரிகிறது, எந்தப் பாறை விளிம்பில் இருந்து சொட்டுகிறது, எங்கே தேங்குகிறது என்று எல்லாம் கண்முன்னே தெரியும். அதை அப்படியே பென்சிலால் கோடு போட்டுக்கொண்டேன். குகை வாய்க்கு மேலே ஒரு சின்ன வழி வந்து நேராகப் பாதையின் மீது விழுந்தது. உண்மையில் அப்படி விழுந்தால் ரயில்வேக்காரர்கள் விடமாட்டார்கள், மேலேயே ஒரு குறுக்கு ஓடை வெட்டித் திருப்பியிருப்பார்கள். ஆகவே குகை வாய்க்கு மேலே சரிவில் கல் பாவிய ஒரு ஓடை வந்தது, அது சின்ன மடிப்பில் போய்ச் சேர்கிறது. இப்போது பார்க்க வருபவர்கள் முதலில் விரல் நீட்டிக் கேட்பது அந்த ஓடையைத்தான்.

பாறை. நீலகிரியின் உடம்பு சார்னோக்கைட் என்ற பழமையான கருங்கல், சென்னை பல்லாவரம் குன்றுகளில் இருப்பதும் இதே இனம். இது அடுக்கடுக்காகப் பிளவுபடும் கல் இல்லை. பெரும் பாளமாக இருக்கும், வெயில் மழையில் மூலை மழுங்கி உருண்டு போகும். கடையில் விற்கும் ரப்பர் பாறை அச்சுகளில் பல அமெரிக்கப் பாலைவனத்து அடுக்குப்பாறையாகவோ ஆல்ப்ஸின் கூர்முனைகளாகவோ இருக்கும். அவை எவ்வளவு நன்றாக வார்க்கப்பட்டாலும் நம் மலையில் ஒட்டாது. நான் அச்சே பயன்படுத்தவில்லை. வினிகர் கலந்த பிளாஸ்டரை ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு அப்பி, கெட்டித் தயிர் பதத்துக்கு வந்ததும் பழைய ஸ்க்ரூடிரைவரால் செதுக்கினேன். இதில் இரண்டு விதப் பாறை உண்டு. மேலே இயற்கையாக நிற்பது உருண்டை. கீழே பாதைக்காக வெடிவைத்துப் பிளந்தது, தட்டையான முகம், கூர்மையான விளிம்பு. முதல் ரயில் குன்னூர் போனது 1899இல், ஆக அந்த வெட்டுமுகமும் நூறாண்டுக்கு மேல் மழை வாங்கிக் கறுத்திருக்கிறது. இரண்டும் சந்திக்கும் கோடு தெரிய வேண்டும், அதுதான் மனிதன் கைவைத்த இடம் என்று காட்டுவது.

நிறத்துக்கு ட்யூப் அக்ரிலிக். பெய்ன்ஸ் கிரேயில் கொஞ்சம் பர்ன்ட் அம்பரும் ஒரு துளி சாப் கிரீனும் சேர்த்தால் ஈரம் பட்ட சார்னோக்கைட்டின் பச்சை கலந்த கறுப்பு வரும். தண்ணீராக நீர்க்கக் கரைத்துப் பல தடவை பூச வேண்டும், மூடாமல் விட்ட பிளாஸ்டர் உறிஞ்சிக்கொள்ளும். கடைசியில் நீர்க்கறை. கறுப்பை மிக நீர்க்கக் கரைத்து, ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, பென்சில் கோடு எங்கே பாறை விளிம்பைத் தொடுகிறதோ அங்கே மட்டும் தூரிகையால் ஒரு சொட்டு வைத்தேன். அது தானாக வழிந்து இறங்கும். பாறை முழுக்கக் கறை போட்டால் அழுக்காகத் தெரியும், தண்ணீர் வரும் இடத்தில் மட்டும் போட்டால் மழை தெரியும். கறையின் ஓரத்தில் மஞ்சள் கலந்த பச்சையைக் காய்ந்த தூரிகையால் ஒற்றினால் பாசி. குகை வாயின் மேல்வளைவில் வேறொரு கறுப்பு வேண்டும், அது நீராவி எஞ்சினின் கரி. இது நீர்க்கறை போலக் கோடாக இறங்காது, மேலே புகை படிந்த மங்கலாக இருக்கும். வண்ணப்பொடியைத் தேய்த்துச் செய்தேன். ஏறும்போது எஞ்சின் கீழ்ப்பக்கம் நின்று தள்ளிக்கொண்டு வருகிறது, முழு மூச்சில் உழைக்கிறது. அதனால் கரியைத் தாராளமாகவே போடலாம்.

தடுப்புச்சுவர் ஃபோம் போர்டில். ஒருபக்கத் தாளை உரித்துவிட்டு, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஒவ்வொரு கல்லாகக் கீறினேன். கற்கள் ஒரே அளவில் இருக்கக் கூடாது, ஆனால் கொத்தனார் அடிப்பக்கம் பெரிய கல்லாகப் பார்த்துத்தான் வைப்பார். சுவருக்குப் பின்னால் இருக்கும் மண் நனையும்போது தண்ணீர் வெளியேறத் துவாரங்கள் வேண்டும், இல்லாவிட்டால் சுவர் வெடித்துவிடும். 10 சென்டிமீட்டர் துவாரம் இந்த அளவில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல், கோணி ஊசி சரியாக இருந்தது. ஒவ்வொரு துவாரத்துக்குக் கீழும் ஒரு மெல்லிய கறை, சுவரின் காலடியில் பாசி.

மண்ணுக்கு மலையில் போய் அள்ள வேண்டாம், அது காட்டிலாகா நிலம். எங்கே அஸ்திவாரம் தோண்டினாலும் செம்மண் கிடைக்கும். வாணலியில் வறுத்து டீ வடிகட்டியில் சலித்தேன், வறுத்தால் பூச்சியும் பூஞ்சையும் வராது. அப்புறம் தாளில் சுற்றிய காந்தத்தை அந்த மண்ணின் மேல் பலமுறை ஓட்ட வேண்டும். செம்மண்ணில் இரும்புத் துகள் இருக்கும், தாளின் அடியில் கறுப்பாக மீசை மீசையாக ஒட்டிக்கொண்டு வரும். அது எஞ்சின் மோட்டாரின் காந்தத்துக்குள் போனால் மோட்டார் வீண். மண் பசையில் நனைந்து காய்ந்ததும் முன்னைவிடக் கருமையாகிவிடும், எனவே ஒரு அட்டையில் ஒட்டிப் பார்த்து, தேவைப்பட்டால் வெள்ளைச் சுண்ணாம்புத் தூள் சேர்த்து வெளிற வைக்கலாம்.

ஜல்லிக்குக் கிரஷர் தூள். உண்மை ஜல்லி 50 மில்லிமீட்டர் என்றால் மாடலில் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. இரண்டு சல்லடைகளுக்கு நடுவில் தங்குவதை எடுத்தால் போதும். கொட்டுவதற்கு முன் பல்தண்டவாளத்தின் மேல் மாஸ்க்கிங் டேப் ஒட்டியே ஆக வேண்டும். பல்லுக்கு நடுவில் ஒரு துகள் ஒட்டிக் காய்ந்தால் எஞ்சினின் பல்சக்கரம் அந்த இடத்தில் ஏறி இறங்கும். மென்மையான தூரிகையால் ஜல்லியைப் பரப்பி, சோப்பு கலந்த தண்ணீரைப் பனி போலத் தெளித்து, பாதிக்குப் பாதி தண்ணீர் சேர்த்த ஃபெவிகாலை இங்க் ஃபில்லரால் ஓரத்தில் இருந்து விட்டேன். முதலில் தண்ணீர் தெளிக்காவிட்டால் பசை முத்துமுத்தாக உருண்டு ஜல்லியைக் கலைத்துவிடும். பாதையின் மலைப்பக்கத்தில் ஜல்லிக்கும் பாறைக்கும் நடுவே ஓடைக்கு இடம் விட்டிருக்கிறேன், அது சிறுபாலத்தை நோக்கி இறங்குகிறது.

பச்சைக்கு மெத்தைக்கடையில் வீசும் ஸ்பாஞ்சு. தண்ணீரும் அக்ரிலிக் வண்ணமும் சேர்த்துப் பழைய மிக்ஸி ஜாரில் அரைத்து, பிழிந்து, நிழலில் உலர்த்திச் சலித்தால் மூன்று கனத்தில் இலை கிடைக்கும். அந்த ஜார் மறுபடி சமையலுக்குப் போகக் கூடாது. பச்சையில் நாலைந்து வகை வேண்டும், கருநீலம் கலந்தது முதல் மஞ்சள் கலந்தது வரை. இந்தக் காட்டுக்கே உரிய இன்னொரு நிறமும் உண்டு: தளிர். நாவல், நாங்கு போன்ற மரங்கள் செம்பு நிறத்தில் துளிர்க்கும், பச்சைக்கு நடுவில் சில மரங்களின் தலை மட்டும் சிவந்து நிற்கும். பத்தில் ஒரு மரத்துக்கு மேல்தூவலாகச் செம்பழுப்பு இலையைப் போட்டேன். அதைப் போட்டதும் பலகை நீலகிரி ஆகிவிட்டது.

தண்ணீர் வழி இங்கேயும் ஆள்கிறது. மடிப்பின் குழியில் ஈரம் அதிகம், மண் ஆழம். அங்கே நெருக்கமான உயர்ந்த மரம். 20 மீட்டர் மரம் மாடலில் 23 சென்டிமீட்டர் வரும், பயப்படாமல் அந்த உயரத்துக்கே செய்ய வேண்டும். துருத்திய முதுகில் மண் மெலிவு, அங்கே புல்லும் உண்ணிச்செடியும் பாறையும்தான். மரத்தின் எலும்புக்கூடு பலஇழை மின்கம்பியின் செம்பு இழைகளை முறுக்கிச் செய்தது. அடியில் வேராகப் பிரித்து, மேலே கிளையாகப் பிரித்து, புட்டி தடவி, சாம்பல் கலந்த பழுப்பு பூசி, இலையை ஒட்டுவது. முன்விளிம்பில் நிற்கும் மரங்களுக்கு அடிமரமே தெரியாது, தலை மட்டும் பாதையின் மட்டத்துக்கு எட்டிப் பார்க்கும். ரயிலில் இருந்து பார்ப்பது அப்படித்தானே.

ஓடை நீருக்கு ரெசின், ஊற்றினால் கண்ணாடிபோல் இறுகும் திரவம். படுகையில் நீலம் பூசவே கூடாது. காட்டு ஓடையின் நீர் தெளிவாக இருக்கும், தெரிவது அடியில் இருக்கும் பாறையும் மக்கிய இலையும்தான். எனவே கரும்பழுப்பு, ஓரம் போகப் போக வெளிறியது. ரெசினை மூன்று மில்லிமீட்டருக்கு மேல் ஒரே தடவையில் ஊற்றவில்லை, கனமாக ஊற்றினால் சூடேறி ஃபோமைக் கெடுக்கும். மழை நாளில் ஊற்றினால் காற்றின் ஈரத்தில் மேலே பால் படிந்தாற்போல மங்கும், அதனால் நல்ல வெயில் நாளுக்காகக் காத்திருந்தேன். பாறையில் இருந்து விழும் நீர், கண்ணாடிபோல் காயும் சிலிக்கான் சீலன்ட். பிளாஸ்டிக் தாளில் கோடுகோடாக இழுத்து, காய்ந்ததும் உரித்து, பாறையில் ஒட்டி, நுரை வரும் இடத்தில் மட்டும் வெள்ளையை ஒற்றினேன்.

பின்திரையில் மூன்று மலைத்தொடர், தூரம் போகப் போக வெளிறும் நீலச்சாம்பல், கூரான விளிம்பு எதற்கும் கிடையாது. பலகைக்கு மேலே எரியப்போகும் எல்இடி விளக்கின் கீழேயே உட்கார்ந்து அதைத் தீட்டினேன். பகல் வெளிச்சத்தில் கலந்த பச்சை விளக்கின் கீழ் வேறு பச்சையாகிவிடும்.

பராமரிப்புக்கு ஒரு மென்மையான மேக்கப் தூரிகையும், வாயில் பழைய நைலான் காலுறை கட்டிய வேக்குவம் க்ளீனரும் போதும். காலுறை இருந்தால் பிய்ந்து வரும் இலையும் ஜல்லியும் உள்ளே போகாது, எடுத்து மறுபடி ஒட்டிவிடலாம். பல்தண்டவாளத்துக்குத் தனியாகப் பழைய டூத் பிரஷ் வைத்திருக்கிறேன். ஓடையிலும் சிறுபாலத்திலும் தூசி சேர்ந்து அடைந்துவிடும், வேக்குவத்தை அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறேன். ஹில்குரோவ் பக்கத்துக் குரங்குகளை இன்னும் செய்யவில்லை. 50 சென்டிமீட்டர் குரங்கு ஆறு மில்லிமீட்டருக்குள் வர வேண்டும், கம்பியிலும் எம்சீலிலும் முயன்று கொண்டிருக்கிறேன். அவை உட்கார வேண்டிய இடம் தடுப்புச்சுவரின் மேல் என்று மட்டும் முடிவாகியிருக்கிறது.